காவேரிப்பட்டணத்துல ஏரியா கேபிள்காரர் ஃபைபர் கனெக்ஷன், ஒரு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ (மோடம் பெட்டி விளக்கத்தோட)

முதல்லயே முடிவ சொல்லிடறேன். லைன் நல்லா இருக்கு, கூப்பிட்டா ஆளு வர்றாங்க, அவங்க குடுக்கற பெட்டிதான் சுமார். அதவிட பெரிய குறை, பிளான் விக்கறப்ப அந்த பெட்டியால எவ்ளோ ஸ்பீடு குடுக்க முடியும்னு யாரும் வாயே தொறக்கறதில்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இப்ப நெறைய வீட்டுக்கு ஃபைபர் வர்றது இந்த மாதிரி டிவி கேபிள் போட்டுட்டு இருந்த அண்ணன்ங்க மூலமாத்தான், பின்னாடி கம்பெனி எதுவா வேணா இருக்கலாம், கம்பம் ஏறி ஒயர் இழுத்து உங்க வீட்ல பெட்டி மாட்டறது அவரு ஆளுங்கதான். அதனால எங்க ஏரியா அண்ணன் பேரோ பின்னாடி இருக்கற கம்பெனி பேரோ இங்க போடல, நான் சொல்றது பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர் எங்க இருந்தாலும் பொருந்தும்.

இத இவ்ளோ நீளமா எழுதறதுக்கு காரணம் இருக்கு. எங்க சொந்தக்காரங்கள்ல யாருக்கு நெட்டு போனாலும் கேபிள் ஆபீசுக்கு போன் போட்டு "நெட்டு வரல"ன்னு மட்டும் சொல்றாங்க, அந்தப்பக்கம் இருக்கற பொண்ணு "பான் எரியுதா, லாஸ் எரியுதாங்க"ன்னு கேக்குது, இவங்களுக்கு அது என்னன்னு தெரியாம "ஏதோ லைட்டு எரியுதும்மா"ன்னு சொல்ல, கம்ப்ளைன்ட் கடைசியில போய் உக்காந்துக்குது. நாலு வார்த்தை தெரிஞ்சிருந்தா அந்த போன் ஒரு நிமிஷத்துல முடியும், சில சமயம் போனே போட வேண்டியதில்ல.

நம்ம மோடம்னு சொல்ற அந்த வெள்ளை பெட்டிக்கு கம்பெனிக்காரங்க ஓஎன்டி இல்லன்னா ஓஎன்யூன்னு சொல்வாங்க, பில்லுலயும் அப்படித்தான் இருக்கும். மோடம்னே சொல்லுங்க, ஒன்னும் தப்பில்ல, எல்லாருக்கும் புரியுது. ஆனா உள்ள மூனு நாலு வேலை சேர்ந்து நடக்குதுங்கறது மட்டும் தெரியணும். கண்ணாடி இழையில வர்ற வெளிச்சத்த கரண்ட் சிக்னலா மாத்தறது ஒன்னு, வீட்டுக்கு வர்ற ஒரே கனெக்ஷன டிவி, போன், லேப்டாப்னு எல்லாத்துக்கும் பிரிச்சு குடுக்கற ரவுட்டர் வேலை ஒன்னு, பின்னாடி ஒயர் சொருகற லேன் போர்ட் ஒன்னு, வைஃபை ஒன்னு. இதுல எது ஒன்னு கெட்டாலும் நமக்கு "நெட்டு வரல"தான், ஆனா சரி பண்ற ஆளும் வேற, செலவும் வேற.

04343ல ஆரம்பிக்கற லேண்ட்லைன் வீட்ல இருந்தவங்களுக்கு பழைய கதை ஞாபகம் இருக்கும். டயல்அப்னு ஒன்னு, அதிகபட்சம் 56 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தாதான் ஒரு எம்பிபிஎஸ்), நெட்டு போட்டா போன் எங்கேஜ்டு. அப்பறம் 2005 வாக்குல பிராட்பேண்டுன்னு வந்தப்ப 256 கேபிபிஎஸ், அதே போன் ஒயர்ல ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் டப்பா மாட்டி பேச்சு தனி, நெட்டு தனின்னு பிரிச்சு விட்டாங்க. 700 எம்பி ஃபைல் ஒன்னு இறங்க அந்த 256ல ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும், இப்ப 100 எம்பிபிஎஸ்ல முழு ஸ்பீடு கெடைச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். 2023ல தான் நம்ம நாட்ல பிராட்பேண்டுன்னு சொல்லிக்கணும்னா கொறஞ்சது 2 எம்பிபிஎஸ் இருக்கணும்னு மாத்தினாங்க, அதுவரைக்கும் 512 கேபிபிஎஸ் இருந்தாலே போதும்னு இருந்துச்சு.

சரி, மாட்டின கதைக்கு வர்றேன். சொன்ன நாள்ல வந்தாங்க, அது பெரிய விஷயம். தெரு முனை ஈபி கம்பத்துல ஒரு கருப்பு டப்பா தொங்குதுல்ல, அதுக்குள்ள ஸ்ப்ளிட்டர் இருக்கு, ஒரு இழையில வர்ற வெளிச்சத்த எட்டா பதினாறா பிரிக்கற கண்ணாடி சாமான், அதுக்கு கரண்டே வேண்டாம். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மெல்லிசு கருப்பு ஒயர், அதான் டிராப் கேபிள். உள்ள இருக்கற இழை தலைமுடி தண்டிதான். வீட்டுக்குள்ள மஞ்சள் கலர்ல ஒரு குட்டி ஒயர் குடுத்து (பேட்ச் கார்டுன்னு சொல்வாங்க) ரெண்டையும் ஸ்ப்ளைசிங் மெஷின்ல வெச்சு ஒட்டினாங்க, மெஷின்ல ஒட்டினா வெளிச்ச நஷ்டம் ரொம்ப கம்மி, கையில கட் பண்ணி கிளிப் கனெக்டர் போட்டு சொருகறவங்களும் இருக்காங்க, அது வேலை செய்யும், ஆனா தூசி போயி நாள்பட பவர் எறங்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. மெஷின் இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

இங்க ஒரு விஷயம் யாரும் கேக்கறதில்ல, நீங்க கண்டிப்பா கேளுங்க, "தம்பி பவர் எவ்ளோ வருது"ன்னு. அவங்ககிட்ட கையடக்க மீட்டர் ஒன்னு இருக்கும், ஒயர சொருகினா வெளிச்சம் எவ்ளோ வருதுன்னு மைனஸ்ல ஒரு நம்பர் காட்டும், டிபிஎம்னு அளவு. எங்க வீட்டுக்கு மைனஸ் 20 சொச்சம் வந்துச்சு, அது நல்ல நம்பர். மைனஸ் 15லருந்து மைனஸ் 25 வரைக்கும் நிம்மதியா இருக்கலாம், மைனஸ் 27 தாண்டினா பெட்டி திணற ஆரம்பிக்கும், மழை பெஞ்சா போகும், வெயில் அடிச்சா வரும். மைனஸ்ங்கறதால பெரிய நம்பர்னா கம்மி வெளிச்சம்னு வெச்சுக்கணும், ஒவ்வொரு 3 டிபி எறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகுது, அப்ப 21லருந்து 27க்கு போனா கால்வாசிதான் மிச்சம். இந்த நம்பர மாட்டின அன்னிக்கே பெட்டி பின்னாடி ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடுங்க, பின்னாடி தகராறு வந்தா "மாட்டினப்ப இவ்ளோ இருந்துச்சு, இப்ப எவ்ளோன்னு பாருங்க"ன்னு கேக்க கையில ஒரு ஆதாரம் இருக்கும்.

எனக்கு இது ஒரு தடவ நல்லா உதவுச்சு. மாங்கா சீசன்ல எங்க தெருவுல லோடு ஏத்திட்டு போன வண்டி தாழ்வா தொங்கின ஒயர இழுத்துட்டு போயிடுச்சு, அறுந்து போகல, ஆனா அன்னிக்கு சாயங்காலத்துலருந்து வீடியோ கால்ல வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். ஆபீஸ்ல "ஆன்லைன்லதான காட்டுது சார், உங்க சிஸ்டம் ஸ்லோவா இருக்கும்"னாங்க. பெட்டியோட செட்டிங் பக்கத்துல (பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா பெரும்பாலும் வரும், பெட்டி அடியில எழுதியிருப்பாங்க) ஆப்டிக்கல் பவர்னு ஒரு இடம் இருக்கு, அதுல மைனஸ் 27க்கு மேல போயிருந்துச்சு. அத போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்பினேன், லைன் தம்பி மறுநாள் காலையில வந்துட்டாரு, கம்பத்து டப்பாகிட்ட ஒயர் மடிஞ்சு கெடந்துச்சு, நீட்டி விட்டு ஒரு துண்டு மாத்தினதும் பழைய நம்பருக்கே வந்துடுச்சு. கண்ணாடி இழைய இறுக்கமா மடிச்சா உள்ள போற வெளிச்சம் மடிப்புலயே வெளிய கசிஞ்சிடும், அவ்ளோதான் விஷயம். வீட்டுக்குள்ளயும் மஞ்சள் ஒயர மீட்டர் பெட்டி இடுக்குல மடக்கி சொருகாதீங்க, ஆணி அடிச்சு கட்டாதீங்க. அதோட நுனி பச்சைக் கலர்ல இருந்தா பச்சை, நீலமா இருந்தா நீலம், மாத்தி சொருகக்கூடாது, முகம் வெட்டின கோணம் வேற வேற. கழட்டினா அந்த நுனிய கண்ணுகிட்ட வெச்சு பாக்கவே கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்கு தெரியாது, ஆனா கண்ணுக்கு ஆகாது. குழந்தைங்க இருக்கற வீட்ல இத கண்டிப்பா சொல்லி வைங்க.

இப்ப லைட்டு. பவர் எரியலன்னா அடாப்டர பாருங்க, பாதி கம்ப்ளைன்ட் அதுலயே முடியுது. பான்னு போட்டிருக்கறது பச்சையா நின்னு எரியணும், அப்படின்னா பெட்டியும் கேபிள் ஆபீஸ்ல இருக்கற பெரிய மெஷினும் (ஓஎல்டி) பேசிக்கிட்டாங்கன்னு அர்த்தம், மினுக்கிட்டே இருந்தா பேச முயற்சி பண்ணிட்டு இருக்கு. லாஸ்னு செவப்பு லைட்டு மினுக்குனா வெளிச்சமே வந்து சேரலன்னு அர்த்தம், ஒயர் எங்கயோ போச்சு, அணில் கடிச்சிருக்கலாம், கொரங்கு தொங்கியிருக்கலாம், கம்பத்துல யாராவது கழட்டியிருக்கலாம், அப்ப நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணி நூறு தடவ பண்ணினாலும் வராது, நேரா போன் போட்டு "லாஸ் செவப்பு"ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அவங்களுக்கு ஏணி எடுத்துட்டு வரணும்னு அப்பவே தெரிஞ்சிடும். பான் நல்லா எரிஞ்சு இன்டர்நெட்னு போட்டது மட்டும் எரியலன்னா ஒயர்ல குறை இல்ல, ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும் இல்லன்னா யூசர் நேம் பாஸ்வேர்டு (பிபிபிஓஇன்னு சொல்ற லாகின்) விட்டுப்போயிருக்கும். அதுக்கு ஆளு வரவே வேண்டாம், போன்லயே சரி பண்ணலாம்.

இதோட சேர்த்து ஒன்னு, பெட்டி பின்னாடி ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட்னு எழுதியிருக்கும். அத தயவுசெஞ்சு குத்தாதீங்க. நெட்டு ஸ்லோன்னா சுவிட்ச ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்றது ரீஸ்டார்ட், அது எத்தன தடவ வேணா பண்ணலாம். ரீசெட் பண்ணினா உள்ள போட்ட லாகின், வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சு கடையில வாங்கின நெலமைக்கு போயிடும், அப்பறம் ஆபீஸ்காரங்க வந்து திரும்ப போடற வரைக்கும் வீடே அமைதி. யூடியூப்ல பாத்துட்டு அத குத்தற பசங்க எங்க ஏரியாவுல நெறைய, லைன் தம்பி அதுக்கே வாரத்துல பாதி நாள் அலையறாரு.

அடுத்தது ஸ்பீடு, என் கோபம் எல்லாம் இங்கதான். 100 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கறது பிட் கணக்கு, நம்ம ஃபைல் சைஸ் பாக்கறது பைட் கணக்கு, 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். அதனால 100 எம்பிபிஎஸ் பிளான்ல டவுன்லோட் போட்டா நொடிக்கு 12 எம்பி சொச்சம்தான் வரும், அது சரியான ஸ்பீடு, யாரும் ஏமாத்தல. இது தெரியாம "100 சொல்லிட்டு 12 தான் வருது"ன்னு சண்ட போட்டவங்கள பாத்திருக்கேன், அங்க கேபிள்காரர் பக்கம்தான் நியாயம்.

ஆனா 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்றப்ப நியாயம் நம்ம பக்கம் வந்துடும். எங்க வீட்ல குடுத்த பெட்டி வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும் இருக்கற பழைய ரகம், அட்டையில 300 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும், அது காத்துல போற மொத்த கணக்கு, கைக்கு வர்றது பக்கத்துலயே உக்காந்தா கூட பல சமயம் 50, 60, தெருவுல பத்து வைஃபை ஓடினா அதுவும் எறங்கும். பின்னாடி ரெண்டு லேன் போர்ட் இருக்கு, ஒன்னு ஜிஇ, ஒன்னு எஃப்இ. எஃப்இன்னா 100ல நிக்கும், ஸ்பீடு டெஸ்ட்ல 94 பக்கம் காட்டும், அதுக்கு மேல ஜென்மத்துக்கும் ஏறாது, ஜிஇ தான் 1000 வரைக்கும் தாங்கும். போர்ல மூனு இஞ்ச் பைப்புல தண்ணி வந்தாலும் வீட்டு குழாய் அரை இஞ்ச்சா இருந்தா குடம் நெறையற வேகம் அரை இஞ்ச்தான். 200 பிளானுக்கு காசு கட்டிட்டு எஃப்இ போர்ட்லயோ 2.4 வைஃபைலயோ ஓட்டினா அந்த கூடுதல் காசு வேஸ்ட், இத விக்கற ஆளுக்கு நல்லாவே தெரியும், பிளான் கார்டுல ஒரு வரி போடறதுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு புரியல. பக்கத்து வீட்ல அவங்க மாறி ரெண்டு மாசம் கட்டிட்டு "ஒன்னும் வித்தியாசம் இல்லயே"ன்னு திரும்ப 100க்கே வந்துட்டாங்க. நீங்க பிளான் ஏத்தறதுக்கு முன்னாடி "அண்ணா, டூயல் பேண்டு பெட்டி குடுப்பீங்களா, ஜிஇ போர்ட் எத்தன"ன்னு கேளுங்க. டூயல் பேண்டுன்னா 2.4, 5ன்னு ரெண்டு வைஃபை அலையும் இருக்கறது. இந்த ஒரு கேள்விக்கே அவங்க பேசற விதம் மாறும்.

ஒயர்லயும் இதே கதை இருக்கு. லேன் கேபிள்ல எட்டு ஒயர், அதுல நாலு மட்டும் ஒழுங்கா இருந்தாலும் 100ல ஓடும், எட்டும் நுனி பிளக்ல சரியா கிரிம்ப் பண்ணி (அழுத்தி மாட்டி) இருந்தாதான் 1000. பழைய சிசிடிவி வேலைக்கு போட்ட மிச்ச ஒயர எடுத்து மாட்டி விட்டாங்கன்னா பெட்டி ஜிஇயா இருந்தும் 100லயே நிக்கும். கேட்5ஈ இல்ல கேட்6ன்னு ஒயர் மேலயே பிரிண்ட் இருக்கும், முழு காப்பரான்னு கேளுங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசின ஒயர் வெல கம்மி, மடிச்சா சீக்கிரம் ஒடியும், தூரம் போனா சிக்னலும் சொதப்பும்.

2.4, 5ன்னு வைஃபை பேருல வர்றத பத்தி எங்க வீட்லயே கொழப்பம் வந்துச்சு, அப்பா "5ஜின்னு காட்டுது, அது சிம் நெட்டா, காசு போகுமா"ன்னு கேட்டாரு. சிம் 5ஜிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது 5 கிகாஹெர்ட்ஸ்னு ரேடியோ அலையோட நம்பர். 5ல ஸ்பீடு ஜாஸ்தி, தூரம் கம்மி, செவுரு தாண்டாது. 2.4ல தூரம் ஜாஸ்தி, ஸ்பீடு கம்மி. நம்ம ஊரு பழைய வீடுங்கள்ல இது ரொம்ப முக்கியம், கருங்கல்லு செவுரு ஒன்றரை அடி, ரெண்டு அடி தண்டி வெச்சு கட்டியிருப்பாங்க, அதுக்கு அந்தப்பக்கம் 5 போகவே போகாது, 2.4 கூட திணறும். பெட்டிய டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி, பீரோ மேல, ஃப்ரிட்ஜ் பக்கம் வெக்காதீங்க, வீட்டு நடுவுல தலை உசரத்துல திறந்த எடத்துல வைங்க. மாட்ட வர்ற தம்பி ஒயர் மிச்சம் பாத்து வாசல்கிட்டயே மாட்டிட்டு போகப் பாப்பாரு, விடாதீங்க, இன்னும் பத்து மீட்டர் உள்ள இழுக்கச் சொல்லுங்க, எங்க வீட்ல கேட்டதும் முகம் சுளிக்காம இழுத்து குடுத்தாங்க. பின்கட்டுக்கு எட்டலன்னு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னல வாங்கி திரும்ப அனுப்பற சாமான்) வாங்கறவங்களுக்கு என் யோசனை, முடிஞ்சா அந்த காசுல ஒரு லேன் ஒயர் இழுத்து அந்தப்பக்கம் ஒரு சாதா ரவுட்டர அக்சஸ் பாயின்ட் மோடுல (ஒயர்ல வர்ற நெட்ட வைஃபையா மட்டும் குடுக்கற செட்டிங்) போடுங்க. பல ரிப்பீட்டர் வர்ற சிக்னலையும் அனுப்பற சிக்னலையும் ஒரே அலையில பண்றதால பாதி ஸ்பீடு அதுக்கே போயிடும்.

ராத்திரி ஸ்லோவாகுதுங்கற கம்ப்ளைன்டுக்கும் ஒரு வார்த்த சொல்லணும். ஜிபான்ங்கற இந்த முறையில ஆபீஸ் மெஷினோட ஒரு போர்ட்ல கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ் வருது, அத 32 வீடு, 64 வீடுன்னு பங்கு போட்டுக்கறாங்க. அதுக்கு மேல கேபிள்காரர் வெளியிலருந்து வாங்கற மொத்த பேண்ட்விட்த் எவ்ளோங்கறது அவருக்குத்தான் தெரியும். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவ, ராத்திரி ஒம்போது மணிக்கு ஒரு தடவ, லேப்டாப்ப லேன் ஒயர்ல மாட்டி ஸ்பீடு டெஸ்ட் போட்டு பாருங்க, வைஃபைல போட்டா அது வைஃபை டெஸ்ட் ஆயிடும். டெஸ்ட்ல சர்வர் மாத்தற எடம் இருக்கும், அவங்க கம்பெனி சர்வர வெச்சு பாத்தா எப்பவும் நல்லாத்தான் காட்டும், பெங்களூரோ சென்னையோ வேற கம்பெனி சர்வர எடுத்து போடுங்க. பிங்னு ஒரு நம்பர் எம்எஸ்ல வரும், நம்ம கேட்டது போய் பதில் வர்ற நேரம், வீடியோ காலுக்கும் கேமுக்கும் ஸ்பீட விட இதான் முக்கியம். எங்க லைன்ல ராத்திரியிலயும் பெரிய வித்தியாசம் இல்ல, இதுக்கு முழு மார்க் குடுக்கறேன்.

தோப்புல, கோழிப்பண்ணையில கேமரா போட்டிருக்கறவங்களுக்கு மட்டும் இந்த பாரா. வீட்லருந்து போன்ல கேமரா பாக்கணும்னா பழைய டிவிஆர் (கேமரா படத்த பதிவு பண்ற பெட்டி) சிலதுக்கு போர்ட் ஃபார்வர்டிங்னு, வெளியிலருந்து வர்றத நேரா அதுக்கு திருப்பி விடற செட்டிங் ஒன்னு பண்ணணும், அதுக்கு உங்க கனெக்ஷனுக்கு தனி ஐபி நம்பர் (நெட்டுல உங்க விலாசம் மாதிரி) வேணும். உலகத்துல பழைய ஐபி நம்பர் மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடிதான், அது பத்தாததால நெறைய கம்பெனிங்க பல வீட்டுக்கு ஒரே வெளி நம்பர வெச்சு ஓட்டறாங்க, சிஜிநாட்னு சொல்வாங்க. பெட்டி செட்டிங்ல வான் ஐபின்னு (வெளிப்பக்கத்து நம்பர்) இருக்கறது 100.64லருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்களும் அந்த கூட்டத்துலதான், என்ன செட்டிங் போட்டாலும் வெளியிலருந்து உள்ள வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி நம்பர்) தனியா காசு குடுத்து வாங்கணும், இல்லன்னா கியூஆர் ஸ்கேன் பண்ணி ஆப்ல சேக்கற கேமரா வாங்கினா இந்த தொல்லையே இல்ல. எங்க கேபிள் அண்ணன் இத கேமரா வாங்கறதுக்கு முன்னாடியே தெளிவா சொன்னாரு, அதுக்கு நன்றி.

கரண்ட் போறப்ப நெட்டு வேணும்னா பெட்டிக்கு மினி யுபிஎஸ் போட்டுக்கலாம், வாங்கறப்ப அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் 1லருந்து 2 வரைக்கும் மாறும், வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே இல்ல அதுக்கு மேல இருக்கலாம், கம்மியா இருக்கக்கூடாது. ஆனா ஆபீஸ் மெஷினுக்கும் கரண்ட் வேணுமே, அங்க பேட்டரி தீந்துட்டா நம்ம யுபிஎஸ் இருந்தும் லாஸ் செவப்பு வந்துடும். எங்க ஏரியாவுல சாதாரண பவர் கட்டுக்கு தாங்குது, மாசாந்திர மெயின்டனன்ஸ் அன்னிக்கு மதியத்துக்கு மேல போயிடுது, ஜெனரேட்டர் போடுங்கன்னு சொல்லியிருக்கோம், இன்னும் போடல. சித்திரை வைகாசி இடிமழைக்கு கண்ணாடி இழை வழியா மின்னல் வராது, ஆனா அடாப்டர் வழியாவும் மாடிக்கு போற லேன் ஒயர் வழியாவும் வரும், இடி ஆரம்பிச்சதும் அது ரெண்டையும் கழட்டிடுங்க.

"உங்க சிஸ்டம் ஸ்லோ"ன்னு அவங்க சொல்றது எப்பவும் சாக்கு இல்ல, அதையும் சொல்லிடணும். போன்ல நெட்டு பறக்குது, கம்ப்யூட்டர்ல மட்டும் தேங்குதுன்னா கோளாறு கம்ப்யூட்டர்லதான். ராம்ங்கறது வேலை நடக்கறப்ப மட்டும் பொருள் வெக்கற எடம், ஆஃப் பண்ணினா காலி, 4 ஜிபி ராம்ல இன்னிக்கு பிரவுசர்ல பத்து டேப் தொறந்தாலே மூச்சு முட்டும். ஹார்டு டிஸ்குங்கறது நெலையா வெக்கற எடம், பழைய சுத்தற டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி (சுத்தாம சிப்புல வெக்கற புது ரகம்) 500 பக்கம் படிக்கும், சின்ன சின்ன ஃபைல்ல வித்தியாசம் இதவிட பல மடங்கு. பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டாலே அடுத்த ரெண்டு வருஷம் ஓட்டலாம், ராம் வாங்கறப்ப டிடிஆர்3யா 4ஆன்னு பாத்து வாங்குங்க, ஒன்னுல ஒன்னு உக்காராது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, பேங்க் வேலை பாக்கற கம்ப்யூட்டர்னா இதையும் கணக்குல வைங்க.

பாதுகாப்பு விஷயத்துல இவங்களுக்கு மார்க் கம்மி. தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வைஃபை பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் போன் நம்பர்தான், பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டும் கம்பெனியில வந்ததே. உங்க போன் நம்பர் தெரிஞ்ச யாரும் உங்க நெட்டுல வரலாம்னா, அவங்க பண்ற வேலைக்கு மொதல்ல கேள்வி வர்றது உங்க பேருக்குத்தான். மாட்டின அன்னிக்கே ரெண்டையும் மாத்துங்க, செக்யூரிட்டின்னு இருக்கற எடத்துல டபிள்யூபிஏ2 இல்ல 3 (வைஃபைக்கு போடற பூட்டு ரகம்) வைங்க, டபிள்யூபிஎஸ்ங்கறத (பாஸ்வேர்டு அடிக்காம பட்டன் இல்ல பின் நம்பர்லயே சேக்கற வசதி) ஆஃப் பண்ணுங்க. எனக்கு மாத்தறப்ப போன்லயே கூட இருந்து சொல்லிக் குடுத்தாங்க, கேட்டா செய்யறாங்க, கேக்காம செய்யறதில்ல.

காசு கணக்கு. விளம்பரத்துல போடற வெலைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். அன்லிமிடெட்னு சொன்னாலும் எஃப்யூபின்னு ஒரு எல்லை இருக்கும், அத தாண்டினா ஸ்பீட கொறச்சிடுவாங்க, எங்க பிளான்ல மாசம் 3300 ஜிபி, நாளைக்கு 110 ஜிபி வருது, எச்டி படம் மணிக்கு சுமாரா 3 ஜிபி எடுக்கும்னா ஒரு குடும்பத்துக்கு தாராளம். பெட்டிக்கு டெபாசிட் வாங்கினாங்க, ரசீது கேட்டு வாங்கினோம், நீங்களும் கேளுங்க, பல பேர்கிட்ட ரசீது இல்ல. சொந்தமா டூயல் பேண்டு பெட்டி வாங்கி மாட்டலாமான்னு கேட்டேன், மாட்டலாம், ஆனா அந்த பெட்டியோட சீரியல் நம்பர அவங்க மெஷின்ல ஏத்தணும், அவங்க லைன் ஜிபானா இல்ல ஈபான்ங்கற இன்னொரு முறையான்னு பாத்து அதுக்கு பொருந்தறத வாங்கணும், தெரியாம ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கிட்டா பெட்டி சும்மா கெடக்கும். அதவிட சுலபம், அவங்க பெட்டியோட வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ஜிஇ போர்ட்ல நல்ல டூயல் பேண்டு ரவுட்டர் ஒன்ன மாட்டிடறது. நான் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன், மாடி ரூம் வரைக்கும் 90க்கு கொறையாம வருது.

மொத்தத்துல லைனுக்கு அஞ்சுக்கு நாலரை, சர்வீசுக்கு நாலு, பெட்டிக்கு ரெண்டு, பிளான் விக்கற முறைக்கு ஒன்னு. ஞாயித்துக்கெழம மதியத்துக்கு மேல போன் எடுக்க மாட்டாங்க, அன்னிக்கு லாஸ் வந்தா திங்கக்கெழம வரைக்கும் சிம் நெட்டுதான். புதுசா போடறவங்க ஆபீசுக்கு நேர்ல போயி, டூயல் பேண்டு பெட்டி, ஜிஇ போர்ட், ஸ்ப்ளைசிங் மெஷின், டெபாசிட் ரசீது இந்த நாலையும் அண்ணன்கிட்டயே பேசி முடிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க, கவுன்டர்ல இருக்கற பொண்ணுக்கு அந்த அதிகாரம் இல்ல.